ஆடு எவ்வளவு மேய்ந்தது? ரப்பர் நிழலில் தீனிக் கணக்கும் இனக் கணக்கும்

செம்மறியாடு வளர்க்க எண்ணும் தோட்டத் தொழிலாளர் நம்மிடம் முதலில் கேட்கும் வினா, ‘எந்த இனம் நல்ல இனம்?’ என்பதேயாகும். வினா நியாயமானதுதான். ஆடு வாங்கும் பணம் பல மாதம் பால் வெட்டிச் சேர்த்த பணம். சில குடும்பங்களில் அது கடன் வாங்கிய பணமாகவும் இருக்கக்கூடும். எனினும், அவ்வினாவுக்கு விடை கூறுமுன் வேறு இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. அந்த ஆடு நாளொன்றுக்கு எவ்வளவு தின்னும்? நம் நிரைகளுக்கிடையே அவ்வளவு தீனி உண்டா?

முனியாண்டி, இராமையா எனும் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே தோட்டத்தினர். இருவருக்கும் பட்டி அருகருகே. முனியாண்டி மிகுந்த விலை கொடுத்துப் பெரிய கலப்பினப் பெட்டை ஆடுகளை வாங்குகின்றார். இராமையா உள்நாட்டுச் சிற்றின ஆடுகளையே வைத்துக்கொள்கின்றார். ஓராண்டு கழிகின்றது. “உங்கள் ஆடு பெரிய சாதியாயிற்றே, அண்ணே. பிறகு ஏன் விலா எலும்பு தெரிகின்றது?” என்று இராமையா கேட்கின்றார். “இந்தச் சாதிக்கு நம் நாட்டு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி” என்கின்றார் முனியாண்டி. அவர் கூறும் காரணம் உண்மையாக இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். ஆடு தின்றதை அளந்தாலன்றி இதற்குத் தீர்ப்புக் கூற இயலாது.

பட்டியில் கட்டித் தீனி போடும் ஆட்டுக்குக் கணக்கு எளிது. காலையில் போட்ட புல்லை நிறுத்து, மாலையில் எஞ்சியதை நிறுத்துக் கழித்தால் விடை கிடைத்துவிடும். மேய்கின்ற ஆடோ தானே தேடுகின்றது, தானே தேர்ந்தெடுக்கின்றது, நடந்துகொண்டே தின்கின்றது. அதன் வாயருகே தராசு வைப்பார் யாருமில்லை. ஆகவேதான் உலகெங்கும் கால்நடை ஆய்வாளர்கள் இந்த ஒரு கணக்கிற்காகவே பல வழிகளைக் கண்டுபிடித்துள்ளனர். அவற்றுள் சில ஆய்வுக்கூடத்திற்கு மட்டுமே உரியவை. சிலவற்றைத் தொழிலாளர் தம் ஓய்வு நேரத்திலேயே செய்து பார்க்கலாம்.

பச்சை எடையும் உலர்ந்த எடையும்

கணக்கினுள் புகுமுன் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக் கொள்வோம். இதனை ரப்பர்த் தொழிலாளருக்கு விளக்குவது எளிது. வாளியிலுள்ள பாலின் எடையை மட்டும் பார்த்து யாரும் விலை கட்டுவதில்லை. அதில் எவ்வளவு உலர்ந்த ரப்பர் இருக்கின்றது என்றே பார்க்கின்றனர். மழை நீர் கலந்த பால் எடையில் மிகுதி, ரப்பரில் குறைவு. புல்லும் அத்தகையதே. பச்சைப் புல் நூறு கிலோ இருந்தால், அதில் ஏறத்தாழ எழுபத்தைந்து முதல் எண்பது கிலோ வரை தண்ணீராகவே இருக்கும். எஞ்சிய இருபது, இருபத்தைந்து கிலோவே உலர்பொருள். ஆட்டை வளர்ப்பது அவ்வுலர்பொருள்தான். காலைப் பனியோடு அறுத்த புல்லையும் நண்பகலில் அறுத்த புல்லையும் பச்சை எடையில் ஒப்பிடுவது, மழைநாள் பாலையும் வெயில்நாள் பாலையும் வாளிக் கணக்கில் ஒப்பிடுவதற்குச் சமமாகும்.

செம்மறியாடு நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு உலர்பொருளைத் தின்னும் என்பது பொதுக் கணக்கு. தீனியின் தரத்தையும் ஆட்டின் நிலையையும் பொறுத்து அது இரண்டரையாகக் குறையலாம், நான்காகவும் உயரலாம். 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு மூன்று பங்கு என்பது 750 கிராம். பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்கே உலர்பொருள் என்றால், அது 3¾ கிலோ பச்சைப் புல்லாகும்.

ஆட்டின் எடையை அறிய, கட்டிப்பால் நிறுக்கும் தொங்கு தராசே போதும். அதுவும் இல்லையெனில் அளவு நாடாவைக் கொண்டு மதிப்பிடலாம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, பின் நீளத்தால் பெருக்கி, 10,800 ஆல் வகுத்தால் கிலோ எடை ஏறக்குறையக் கிடைக்கும். சுற்றளவு 64, நீளம் 60 என்றால் விடை ஏறத்தாழ 23 கிலோ. கம்பளி அடர்ந்த ஆட்டுக்குக் கம்பளியை விலக்கிவிட்டுத் தோலையொட்டி அளக்க வேண்டும். இல்லையேல் கம்பளியையும் சேர்த்து எடை போட்டவராவோம்.

மரத்தடியில் என்ன இருக்கின்றது?

இளங்கன்று நட்ட வயலில் வெளிச்சம் மிகுதி. அங்கே மூடுபயிர்க் கொடிகளும் புற்களும் செழித்து வளரும். மரம் ஐந்தாறு வயதை எட்டித் தழை மூடியதும் நிழல் கனக்கின்றது. தரையிலுள்ள பசுமை பெரிதும் சுருங்குகின்றது. பால் வெட்டும் வயதுடைய வயலில் நிழல் தாங்கும் புற்கள், பெரணி, சில அகல இலைக் களைகள் ஆகியவையே பெரும்பாலும் எஞ்சுகின்றன. ஆகவே, தோட்டத்தின் ஏக்கர் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ‘இத்தனை ஏக்கர் உண்டு; இத்தனை ஆடு வளர்க்கலாம்’ என்று கூறுவது பயனற்றது. எந்த வயதுடைய மரம் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

பசுமையாக உள்ளதெல்லாம் தீனியுமன்று. கேரளத்திலிருந்து 1990களில் இங்கு வந்த முகுனா எனும் மூடுபயிர் இடுப்பளவு மண்டிக் கிடக்கும். ஆடுகள் அதனை விரும்புவதில்லை. மாறாக, மேலாளர்களுக்குப் பெருந்தொல்லையாகிய ‘ரும்புட் இஸ்ரேல்’ களையை ஆடுகள் ஆவலுடன் தின்கின்றன. முற்றிய லாலாங்கைத் தொடவே தயங்குகின்றன. அதன் இளந்தளிரை மேய்கின்றன. உண்ணிச்செடி நச்சுச்செடி. தீனி அளக்கும் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

சட்டம் வைத்து அளத்தல்

பிரம்பாலோ கம்பியாலோ ஐம்பது சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு சதுரச் சட்டம் செய்துகொள்ளுங்கள். அதன் பரப்பு கால் சதுர மீட்டர். ஆடுகளை விடவிருக்கும் ஓர் ஏக்கரில் பத்து இடங்களில் அதனை வையுங்கள். நல்ல புல் உள்ள இடமாகத் தேடி வைப்பது மனித இயல்பு. அவ்வாறு செய்தால் கணக்குக் கெடும். இருபது அடிக்கு ஒரு முறை, கால் நின்ற இடத்தில் வைப்பதென்று முன்னரே முடிவு செய்துகொள்வதே முறை. சட்டத்தினுள் உள்ளவற்றுள் ஆடு தின்னக்கூடியதை மட்டும், ஆடு கடிக்கும் உயரத்தில் அறுத்துப் பையிலிட்டு நிறுங்கள்.

பத்துச் சட்டங்களிலும் சேர்த்து 900 கிராம் பச்சை கிடைத்ததாகக் கொள்வோம். பத்துச் சட்டங்களின் பரப்பு 2½ சதுர மீட்டர். எனவே, ஒரு சதுர மீட்டருக்கு 360 கிராம் பச்சை. இதிலிருந்து ஒரு பகுதியை நறுக்கித் துத்தநாகத் தகட்டில் பரப்பி, எடை மேலும் குறையாத வரை வெயிலில் காயவிட வேண்டும். நூறு கிராம் இருபது கிராமாக வற்றுமாயின், சதுர மீட்டருக்கு உலர்பொருள் 72 கிராம் ஆகின்றது. வெயிலில் காய்ந்த புல்லில் சிறிதளவு ஈரம் எஞ்சியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அது தடையன்று.

இனி அந்த ஏக்கரில் நாற்பது ஆடுகளை ஐந்து நாள் மேயவிட்டு, பின் வேறு பத்து இடங்களில் மீண்டும் அறுத்து நிறுக்கின்றோம். இம்முறை 500 கிராம் பச்சை. அதாவது சதுர மீட்டருக்கு 40 கிராம் உலர்பொருள். குறைந்தது 32 கிராம். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,050 சதுர மீட்டர். ஆகவே, ஏக்கரில் குறைந்தது ஏறக்குறைய 130 கிலோ. நாற்பது ஆடு, ஐந்து நாள் என்பது இருநூறு ஆட்டு நாள். வகுத்தால், ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 650 கிராம். மந்தையின் சராசரி எடை 24 கிலோவானால், உடல் எடையில் நூற்றுக்கு 2.7 பங்கு. மூன்றை எட்டவில்லை. ஆடு பசியாறவில்லை என்பதற்கு இது முதல் அறிகுறி.

இம்முறையில் குறைகள் உண்டு. குளம்பில் மிதிபட்டு அழிந்த புல்லும் தின்ற கணக்கில் சேர்ந்துவிடும். ஐந்து நாளில் புதிதாகத் துளிர்த்தது கணக்கிலிருந்து விடுபடும். அடர்ந்த நிழலில் இத்துளிர்ப்புச் சிறிது. இளங்கன்று வயலில் பெரிது. இதனைச் சரிசெய்ய, அறுத்த இடங்களுள் மூன்று நான்கின் மேல் ஆடு வாய் வைக்க முடியாதபடி கம்பிவலைக் கூண்டு கவிழ்த்து வைப்பர். குறித்த நாட்களுக்குப் பின் கூண்டினுள் வளர்ந்ததை அறுத்து நிறுத்தால், நிலம் நாளொன்றுக்கு எவ்வளவு தருகின்றது என்பது தெரிந்துவிடும். நம் கருத்தில், தொழிலாளருக்கு மிகவும் பயன்படும் அளவு இந்தக் கூண்டு அளவுதான். ஆடு வாங்குமுன்னரே இதனை எடுத்துவிடலாம்.

புழுக்கை கூறும் கணக்கு

மேற்கண்ட முறை மந்தை முழுவதற்கும் சராசரி தருமேயன்றி, தனியொரு ஆடு எவ்வளவு தின்றதெனக் கூறாது. இரண்டு இனங்கள் ஒரே வயலில் சேர்ந்து மேயும்போது, எது மிகுதியாகத் தின்றது என்றறிய அது உதவாது. அதற்கு ஆய்வாளர்கள் ஆட்டின் பின்புறத்தில் பை கட்டிப் புழுக்கையை முழுவதும் சேகரிக்கின்றனர்.

இதன் தத்துவம் எளிது. தின்ற தீனியில் நூற்றுக்கு அறுபது பங்கு செரித்தால், எஞ்சிய நாற்பது பங்கு புழுக்கையாக வெளிவரும். எனவே, ஒரு நாளில் உலர்ந்த புழுக்கை 300 கிராம் எனில், தின்றது 750 கிராம். ஆனால் செரிமானம் அறுபது என்பது எப்படித் தெரியும்? அது ஐம்பத்தைந்தாக இருந்தால் விடை 667 கிராம்; அறுபத்தைந்தாக இருந்தால் 857 கிராம். செரிமான எண்ணில் ஐந்தே புள்ளி பிசகினால் விடையில் நூறு கிராமுக்கு மேலும் பிசகக்கூடும்.

இன ஒப்பீட்டில் இப்பிசகு எத்தகைய அநீதியை விளைவிக்கும் என்று பாருங்கள். இரண்டு ஆடுகளும் தலைக்கு 800 கிராம் தின்றன என்போம். ஒன்று அறுபது பங்கு செரித்து 320 கிராம் புழுக்கை இடுகின்றது. மற்றொன்று அறுபத்தைந்து பங்கு செரித்து 280 கிராம் இடுகின்றது. இரண்டுக்கும் அறுபது என்றே வைத்துக் கணக்கிட்டால், முதல் ஆடு 800 கிராமும் இரண்டாம் ஆடு 700 கிராமும் தின்றதாக விடை வரும். உண்மையில் நன்கு செரித்த ஆட்டுக்கே ‘தீனி எடுக்காத ஆடு’ எனும் பெயர் வந்து சேர்கின்றது!

பை கட்டுவது ஆட்டுக்கும் தொல்லை, ஆளுக்கும் தொல்லை. ஆகவே, செரிக்காத ஒரு பொருளை நாள்தோறும் குறித்த அளவு ஊட்டிப் புழுக்கையில் அதன் செறிவைக் காணும் முறை வந்தது. குரோமியம் ஆக்சைடு எனும் பச்சை நிறத் தூள் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. அளவு தெரியாத தண்ணீர்த் தொட்டியில் ஒரு படி உப்பைக் கரைத்து, அதன் கரிப்பைக் கொண்டு தண்ணீரின் அளவைச் சொல்வது போன்றதே இது. புழுக்கையின் மொத்த அளவு இவ்வாறு தெரிந்தாலும், செரிமான எண்ணுக்கு வேறு வழி தேட வேண்டியே இருந்தது.

1986 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இச்சிக்கலை அவிழ்த்தது. ஒவ்வோர் இலையின் மேலும் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டல்லவா? அம்மெழுகில் ஆல்கேன் எனப்படும் நீண்ட கரிமச் சங்கிலிப் பொருள்கள் உள்ளன. இயற்கையில் பெரும்பாலும் 31, 33 என ஒற்றைப்படை எண்ணிக்கையுள்ள சங்கிலிகளே காணப்படும். ஆட்டுக்கு 32 எண்ணிக்கையுள்ள சங்கிலியைக் குறித்த அளவு ஊட்டுகின்றனர். இலையிலிருந்து வந்த 33-உம் நாம் ஊட்டிய 32-உம் குடல் வழியே செல்கையில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இழப்பெய்துகின்றன. எனவே, புழுக்கையில் அவையிரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், ஆடு தின்ற புல்லின் அளவு கிடைத்துவிடுகின்றது. செரிமான எண்ணை ஊகிக்க வேண்டியதில்லை. இனங்களை நேர்மையாக ஒப்பிட இது பெரிதும் உதவிற்று. தொழிலாளர் இதனைச் செய்ய இயலாது, ஆய்வுக்கூடம் வேண்டும். எனினும் ஆட்டு வியாபாரி ஒருவர், ‘இந்த இனம் குறைவாகத் தின்று விரைவில் வளரும்’ என்று கூறும்போது, அது எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேட்பதற்கு இவ்வறிவு போதும்.

கடிகாரம் வைத்துக் காண்பது

வீட்டிலுள்ள பள்ளி மாணவரும் செய்யக்கூடிய முறை ஒன்று உண்டு. ஓர் ஆட்டைக் குறிவைத்து, பத்து நிமிடத்திற்கு ஒரு முறை அது மேய்கின்றதா, அசைபோடுகின்றதா, சும்மா நிற்கின்றதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இடையிடையே ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கடிக்கின்றது என்றும் எண்ண வேண்டும். ஆடு ஆறு மணி நேரம் மேய்ந்து, நிமிடத்திற்கு நாற்பது கடி வீதம், கடிக்கு ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு உலர்பொருள் எடுத்தால், நாளுக்கு 720 கிராம் ஆகின்றது.

புல் அருகிய இடத்தில் ஒவ்வொரு கடியும் சிறுக்கின்றது. ஆடு அதனை ஈடுசெய்ய நெடுநேரம் மேய முயல்கின்றது. ஆனால் காலைப் பனி உலர்ந்த பின் திறந்து, மாலை நான்கு மணிக்கே பட்டியை அடைத்துவிட்டால், அது எங்ஙனம் ஈடுசெய்யும்? வயிறு நிரம்பாத ஆட்டை இரவு முழுவதும் அடைத்து வைத்துவிட்டு இனத்தைக் குறைகூறுவதை நாம் பல இடங்களில் காண்கின்றோம். பால்வெட்டு முடித்து, பால் ஊற்றிவிட்டு வந்து ஆடு மேய்ப்பவருக்குக் கிடைக்கும் நேரம் இவ்வளவுதான் என்பதையும் அறிவோம். அந்நிலையில் மாலையில் பட்டியில் சிறிது பச்சைத்தழை அறுத்துப் போடுவதே வழி.

பெரிய ஆடும் சிறிய ஆடும்

இனி இனங்களுக்கு வருவோம். நம் நாட்டுச் சிற்றினம் மாலின் எனப்படுகின்றது. பெட்டை ஆடு பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து கிலோ அளவில் நிற்கும். 1925 இல் அமைக்கப்பட்டு, 1998 இல் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், 1970களிலும் 1980களிலும் ரப்பர் மரத்தடியில் செம்மறி வளர்ப்பை ஆராய்ந்தது. களைக்கொல்லிச் செலவைக் குறைத்து, இறைச்சியும் பெறலாம் என்பதே நோக்கம். மாலினுடன் டோர்செட் ஹார்ன் கிடாவைச் சேர்த்துப் பெற்ற கலப்பினத்திற்கு டோர்சிமால் என்று பெயரிட்டனர். டோர்செட், ஆண்டின் எல்லாப் பருவத்திலும் இனச்சேர்க்கைக்கு வரக்கூடிய இனம். ஆயினும் கம்பளி இனம். ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில் கம்பளி ஒரு சுமை. பின்னர் கம்பளியின்றிக் குட்டை மயிரே வளரும் பார்படோஸ் பிளாக்பெல்லி போன்ற இனங்கள் கருத்தைக் கவர்ந்தன. வடசுமத்ராவில் சுங்கை பூத்தே ஆராய்ச்சி நிலையத்தில் 1980களிலும் 1990களிலும் அங்குள்ள மெல்வால் ஆட்டுடன் செயின்ட் குரோய், பார்படோஸ் பிளாக்பெல்லி ஆகிய இனங்களைக் கலந்து ரப்பர் நிழலிலேயே ஆராய்ந்தனர்.

இவற்றுள் எது மிகுதியாகத் தின்னும்? பெரியது மிகுதியாகத் தின்னும் என்பது வெளிப்படை. ஆனால் இருமடங்கு எடையுள்ள ஆடு இருமடங்கு தின்பதில்லை. உடல் பெரிதாகப் பெரிதாக, கிலோ ஒன்றுக்குத் தேவைப்படும் தீனி குறைகின்றது. இதனைக் கணக்கிட ஒரு வழி உண்டு. கைப்பேசியிலுள்ள கணிப்பானை எடுத்து, ஆட்டின் எடையை மும்முறை பெருக்கி, வரும் விடைக்கு இருமுறை வர்க்கமூலம் காணுங்கள். 25 கிலோவுக்கு 25 × 25 × 25 = 15,625; வர்க்கமூலம் 125; மீண்டும் வர்க்கமூலம் 11.2. இவ்வாறே 40 கிலோவுக்கு 15.9 வருகின்றது. 15.9 ஐ 11.2 ஆல் வகுத்தால் 1.42. அதாவது, 25 கிலோ ஆட்டுக்கு 750 கிராம் எனில், 40 கிலோ ஆட்டுக்கு 1,200 கிராம் அன்று, 1,070 கிராம் அளவேயாகும்.

இதை அறியாதவர் உடல் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று மட்டும் ஒப்பிட்டு, ‘சிறிய ஆடு பெருந்தீனிக்காரன்’ என்று முடிவு கட்டிவிடுகின்றனர். மற்றொருவர் தலைக்கு எத்தனை கிராம் என்று ஒப்பிட்டு, ‘பெரிய ஆடுதான் தீனிக்காரன்’ என்கின்றார். இருவரும் அளந்தது சரி; ஒப்பிட்டது தவறு. மேற்கூறிய முறையில் உடல் அளவை ஈடுசெய்தபின், இனங்களுக்கிடையே தெரிந்த வேறுபாட்டில் பெரும்பகுதி கரைந்துவிடுவதுண்டு.

எஞ்சியதையும் உடனே இனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பாலூட்டும் ஆடு, வறண்ட ஆட்டைவிட ஒன்றரை மடங்கு வரை தின்னக்கூடும். சினை முற்றி இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு வயிற்றில் இடமின்றித் தீனி குறையும். குடற்புழு ஏறிய ஆடு பசியிழக்கும். இப்புழுவே ஒப்பீடுகளைக் கெடுப்பதில் முதலிடம் பெறுகின்றது. செயின்ட் குரோய் போன்ற குட்டைமயிர் இனங்கள் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவை ஓரளவு எதிர்த்து நிற்பவை. எனவே, புழு மிகுந்த பட்டியில் அவை நன்கு மேய்வது கண்டு, அவ்வினத்துக்கு வாய் பெரிது என்று எண்ணிவிடுவோம். உண்மையில் மற்ற இனம் நோயால் தளர்ந்திருக்கும். இரு இனங்களை ஒப்பிட விரும்பினால், ஒரே வயதும் ஒரே நிலையும் உள்ள ஆடுகளைப் புழுமருந்து கொடுத்துச் சில நாள் கழித்து, ஒரே வயலில் விட்டு அளக்க வேண்டும். கீழ்க்கண் இமையின் உட்புறம் வெளிறியுள்ளதா என்று முதலில் பாருங்கள்; வெளிறிய ஆட்டை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.

எத்தனை ஏக்கர்?

முனியாண்டியும் இராமையாவும் தம் ஆடுகளை ஓட்டிச் செல்வது தழை மூடிய முதிர்ந்த வயல் என்போம். கூண்டு வைத்து நாற்பது நாள் கழித்து அறுத்ததில் சதுர மீட்டருக்கு 12 கிராம் உலர்பொருள் கிடைத்தது. நாளுக்கு 0.3 கிராம், ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 கிராம். இதில் பாதியை நிலத்திலேயே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் புல் வேரோடு கெடும், மண் அரிக்கும். ஆகவே, ஓர் ஏக்கர் நாளொன்றுக்குத் தருவது 600 கிராமே. 25 கிலோ ஆடு ஒன்றுக்குக்கூட இது போதவில்லை!

இராமையாவுக்கு இருபது சிறிய ஆடுகள். நாளுக்கு 15 கிலோ உலர்பொருள் தேவை. அதற்கு 25 ஏக்கர் வேண்டும். முனியாண்டிக்கு அதே இருபது, 40 கிலோ ஆடுகள். தேவை 21.4 கிலோ, ஏறத்தாழ 36 ஏக்கர் வேண்டும். நிர்வாகம் இருவருக்கும் அனுமதித்தது 25 ஏக்கர்தான் என்றால், முனியாண்டியின் ஆடுகள் மூன்று பங்கு பசியில் ஒரு பங்கு தீராமலே பட்டி திரும்புகின்றன. வெயில் மீது பழி போட வேண்டிய தேவையில்லை. அவரே பதினான்கு ஆடுகளோடு நிறுத்தியிருந்தால், 25 ஏக்கருக்கு அவை நிறைவாக இருந்திருக்கும். பதினான்கு பெரிய ஆடுகளின் மொத்த எடை 560 கிலோ. இராமையாவின் இருபதின் மொத்த எடை 500 கிலோ. எனவே பெரிய இனம் தன்னளவில் தாழ்ந்ததன்று என்பதையும் காண்கின்றோம். தலைக்கணக்கைக் குறைக்க மனம் ஒப்பாததே முனியாண்டிக்கு வந்த கேடு.

இரட்டைக் குட்டி ஈனும் இனங்களைப் பற்றியும் ஒரு சொல். இரட்டை ஈற்று என்றதும் இலாபமும் இரட்டை என்று மகிழ்கின்றோம். பார்படோஸ் பிளாக்பெல்லிக்கு இரட்டை ஈற்று இயல்பே. ஆனால் இரண்டு குட்டிக்குப் பால் சுரக்கத் தாய்க்குத் தீனி வேண்டும். 600 கிராம் மட்டுமே தரும் நிழலில் இரண்டாவது குட்டி பெரும்பாலும் தேறுவதில்லை. தாயும் மெலிந்து அடுத்த சினைக்குப் பிந்துகின்றது. தழை மூடாத இளவயல் கிட்டுபவர் இத்தகைய இனத்தை வைத்துக்கொள்ளலாம். முதிர்ந்த வயல் மட்டுமே கிட்டுபவர், கைத்தீனி போட வழியில்லையெனில், ஒற்றைக் குட்டி ஈனும் சிற்றினத்தோடு நிற்பதே நலம் என்பது நம் கருத்து.

கைத்தீனி போடுவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். எண்ணெய்ப் பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும். மாடு அதனைத் தாங்கும். செம்மறியோ செம்பு எனும் உலோகத்திற்கு மிகவும் அஞ்ச வேண்டிய பிராணி. அப்பிண்ணாக்கையே முழுத்தீனியாக நெடுநாள் கொடுத்தால் செம்பு ஈரலில் தங்கி, ஒரு நாள் திடீரெனக் கொன்றுவிடும். வேலியோரம் நடப்படும் சிக்னல் புல்லும் மாட்டுக்கு நல்லது, செம்மறிக்கு ஈரல் நோய் தரவல்லது.

மருந்து தெளித்த நிரைக்குள் ஆட்டை ஓட்டக் கூடாது என்பதைத் தனியே கூற வேண்டியதில்லை. பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஏனைய மருந்துகள் உள்ளன. எந்த நிரையில் எந்த நாள் தெளித்தனர் என்று மண்டோரிடம் கேட்டறிந்த பின்னரே பட்டியைத் திறக்க வேண்டும். ஈராண்டுக்கு உட்பட்ட கன்று வயலிலும் ஆட்டை விடலாகாது. தளிரைக் கடித்துவிட்டால் அடுத்த முறை அனுமதி கிடைக்காது.

கூண்டு அளவை ஒரு முறை எடுத்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் அதனையே நம்புதல் கூடாது. பிப்ரவரியை ஒட்டி ரப்பர் இலையுதிர்க்கும்போது தரைக்கு வெளிச்சம் இறங்குகின்றது. ஆனால் அப்போது மழை குறைவு, உதிர்ந்த சருகும் புல்லை மூடுகின்றது. புதுத்தழை விட்டு நிழல் மீண்டும் கனக்கின்றது. ஆண்டிறுதி மழையில் புல் வேறு விதமாக வளர்கின்றது. ஆகவே, இலையுதிர்வுக்கு முன் ஒன்று, புதுத்தழை மூடியபின் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று என மூன்று அளவேனும் எடுத்து, நாள், வயல் எண், மரத்தின் வயது, அறுத்த எடை, காய்ந்த எடை ஆகியவற்றை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆடு வாங்குவதற்கு மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தை நாடும்போது அந்தப் புத்தகத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மூன்று அளவுகளுள் எது மிகக் குறைவோ அந்த எண்ணைக் கொண்டே ஆடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.